விதி ஒன்பதில் ஒரு வினைச்சொல்

வீட்டை எடுத்திருப்பவர் இறக்கும் காலத்தில் அவருடன் அந்த வீட்டில் வாழ்ந்துவருகிறவர், தாம் விரும்பும்வரை அங்கேயே தொடரலாம். புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. எழுத்தில் தெரியப்படுத்தினால் போதும்.

எங்கள் வரிசை வீடுகளை நிர்வகிக்கும் டிரஸ்ட்டின் ஒன்பதாவது விதி இது. மூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழ் என்னுடையது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில்வே உத்தியோகத்துக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் வந்த குடும்பங்களுக்காக அந்தக் காலத்துப் பெரியவர்கள் சிலர் நிலம் வாங்கி, ஓட்டு வீடுகளாகக் கட்டி, ஒரு பத்திரமும் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. எங்கள் வரிசை மட்டும் அந்தப் பத்திரத்தின் தயவில் நிற்கிறது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கத்தில் சுற்றறிக்கைகளும் விதிமுறைகளும் எழுதிப் பிழைத்தவன். ஒரு வாக்கியத்தில் கட்டாயத்தைச் சொல்லும் ‘ஷால்’ போடுவதா, செய்யலாம் என்று விடும் ‘மே’ போடுவதா என்று ஒரு முழு மத்தியானத்தைக் கூட்டத்தில் கழித்துவிட்டு, அதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறேன். ஆகவே தெரிந்துதான் சொல்கிறேன்: விதி ஒன்பது நன்றாக எழுதப்பட்ட விதி. அதில் ஒரு கமாவைக்கூட நகர்த்த முடியாது. அதில் உள்ள ஒரே சிக்கல், அதைப் படித்து நடக்கவேண்டியவர்கள் எல்லாரும் கோலாலம்பூர்க்காரர்கள் என்பதுதான்.

எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர்களைத் தெருவே பெரிய சிஸ்டர், சின்ன சிஸ்டர் என்றுதான் அழைத்தது. கூடப் பிறந்தவர்கள் அல்ல. இருவரும் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, வார்டு சிஸ்டராக உயர்ந்து ஓய்வு பெற்றவர்கள். வீடு பெரிய சிஸ்டரின் அப்பா எடுத்தது; ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அவருக்குப் பிறகு மகள் பெயருக்கு வந்தது. சின்ன சிஸ்டர் கிள்ளான் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவர். நர்ஸ் விடுதியில் இடம் கிடைக்காத ஒரு சமயம், “ரெண்டு மாசம் என் வீட்ல வந்து ஸ்டே பண்ணு” என்று பெரிய சிஸ்டர் அழைத்துவந்தார். அந்த இரண்டு மாதம் முப்பது வருடத்தைத் தாண்டியும் முடியவில்லை.

அவர்களைப் பற்றித் தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் காதில் விழுந்ததுதான். பெரிய சிஸ்டருக்கு ஃபேன் மூன்றில் ஓடவேண்டும். சின்ன சிஸ்டருக்கு நான்கில். “மூணுல வையி, எனக்குக் கழுத்து பிடிக்குது” என்று ஒரு குரல் வரும். “நாலுல இருக்கட்டும், போர்வைய போத்திக்குங்க” என்று இன்னொரு குரல் போகும். சித்திரையோ மார்கழியோ, வழக்கு முடிந்ததில்லை. என் மனைவி சொல்வாள், “ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஃபேன் வாங்கி வச்சிக்க வேண்டியதுதானே?” வாங்கவில்லை. அது எனக்கு அப்போதே ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

போன வருஷம் ஒரு காலையில் பெரிய சிஸ்டர் சாமி அறையில் சரிந்து விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் சின்ன சிஸ்டர் செய்யவேண்டியதையெல்லாம் வரிசையாகச் செய்திருந்தார். அவர் செய்தது அத்தனையும் சரி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பிழைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் காரியம் முடிந்த மறுவாரம் என் மனைவி கேட்டாள். “இனி சின்ன சிஸ்டர் எங்க போவாங்க?”

“எங்கயும் போகவேண்டாம். விதி ஒன்பது இருக்கு” என்றேன். விதி இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு வரும் நிம்மதி எனக்கும் வந்தது. சின்ன சிஸ்டரிடமும் சொன்னேன். அவர் என்னிடம் காட்டாமலே, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எழுதும் அதே உருண்டைக் கையெழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, டிரஸ்ட் ஆஃபீஸில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு வாரம் கழித்து டிரஸ்ட்டின் செயலாளர் எனக்கு போன் செய்தார். வரிசை வீட்டுக்காரர்களின் பிரதிநிதி நான். வேறு யாரும் அந்தப் பொறுப்பை ஏற்காததால் கிடைத்த பதவி. செயலாளர் நாற்பதைத் தாண்டிய கணக்காளர், நல்ல பையன். ஆனால் எதையும் நான்கு பேர் முன்னால் வாசித்துக் காட்டுவதுபோலவே பேசுவார்.

“அங்கிள், ஒரு சின்ன இஷ்யூ லா.”

“சொல்லுங்க தம்பி.”

“ரூல் நைன்ல ‘லிவிங் வித்’னு இருக்கு. ஆன்டி ‘ஸ்டேயிங் வித்’னு எழுதியிருக்காங்க. ஸ்டேன்னா டெம்பரரி அங்கிள். நாம ஹோட்டல்ல ஸ்டே பண்றோம். ஹோட்டல்ல லிவ் பண்றதில்ல. கமிட்டில ஒருத்தர் டிக்‌ஷனரியே கொண்டாந்துட்டாரு.”

“அவங்க முப்பது வருஷத்துக்கு மேல அங்க இருக்காங்க.”

“அது எங்களுக்கும் தெரியும். ஆனா லாங் ஸ்டேவும் ஸ்டேதானே அங்கிள்?”

முப்பது வருட உத்தியோகத்தில் இதைவிட மோசமான வாதங்களை நான் கேட்டிருக்கிறேன். சிலவற்றை நானே எழுதியும் இருக்கிறேன்.

அவர் தொடர்ந்தார். “அதுவும் இல்லாம, ‘மே ரிமெய்ன்’னுதான் இருக்கு. ‘ஷால்’ இல்ல. அப்ப அது கமிட்டியோட டிஸ்கிரெஷன், எங்க இஷ்டம்.”

இது என் வீட்டு முற்றம். இங்கே என்னை யாரும் தள்ளிவிட முடியாது. “தம்பி, அந்த ‘மே’ யாருக்குச் சொன்னது? வீட்டுல இருக்கிறவங்களுக்கு. அவங்க இருக்கலாம், பிடிக்கலன்னா போகலாம், அது அவங்க இஷ்டம்னு அர்த்தம். கமிட்டி இருக்க விடலாம்னு அங்க எழுதல.”

“ஓ.” கொஞ்ச நேரம் பேனா கிறுக்கும் சத்தம். “ஓகே, அத நோட் பண்ணிக்கிறேன். ஆனா ‘லிவிங் வித்’ வேணும் அங்கிள். அது இல்லன்னா ரூல்ல வரமாட்டாங்க, வீடு வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்குப் போயிடும். ஒரு புது லெட்டர் கொடுக்கச் சொல்லுங்க. ஆமா, நீங்க இப்பவும் அதே ரோட்லதான் ஸ்டே பண்றீங்களா?”

“இல்ல தம்பி. வாழ்றேன்.”

“ஹா?”

“அதே ரோடுதான்.”

இந்த ஊரில் பிறந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘வேர் டூ யூ ஸ்டே’ என்று கேட்காத ஆளை நான் பிரிக்பீல்ட்ஸிலும் பார்த்ததில்லை, செராஸிலும் பார்த்ததில்லை. தாத்தா காலத்திலிருந்து ஒரே வீட்டில் கிடப்பவனும் ‘ஐ ஸ்டே ஹியர்’ என்றுதான் சொல்வான். இங்கே ‘லிவ்’ என்ற சொல்லுக்கு வேலை மிகக் குறைவு. அது ஆஸ்பத்திரியில், ஐசியூ வாசலில், பிழைப்பாரா என்று கேட்கும்போது மட்டும் வெளியே எடுக்கும் சொல்.

பள்ளிக்கூடத்தில் இவற்றையெல்லாம் இணை இணையாக நெட்டுரு போட்டோம். லெண்ட், பாரோ, ஹியர், லிஸன், ஸ்டே, லிவ். பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு, வாசலைத் தாண்டியதும் ‘பாரோ மீ யுவர் பென்’ என்றோம். தப்பு என்று தெரியாமல் அல்ல. மலாயில் ‘பிஞ்சாம்’ என்ற ஒரே சொல் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் போதும்போது, ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் இரண்டு என்ற எண்ணம்தான். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆங்கில அதிகாரியிடம் எங்கள் குமாஸ்தா ஒருவர், “ஐ ஃபாலோ யூ, சார்” என்றார். அதிகாரி காரைக் கிளப்பிப் போய், பின்னால் இன்னொரு கார் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பங்சார் வரை போய்விட்டார். நம்மவரோ, எங்கள் ஊர் ஃபாலோவுக்குக் காரில் கூட வருவது என்று பொருளாகையால், ஏற்றிக்கொள்வார் என்று நினைத்து, ஆஃபீஸ் வாசலிலேயே பையுடன் நின்றார். இருவரும் கடைசிவரை ஒருவரையொருவர் மரியாதை தெரியாதவர் என்றே நம்பினார்கள்.

விதி ஒன்பது மலாயில் எழுதப்பட்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. ‘திங்கால்’ என்று ஒரு சொல், போதும். வசிப்பது திங்கால். பாத்திரத்தில் கொஞ்சம் மிஞ்சினால் அதுவும் திங்கால். இறந்துபோவதை மரியாதையாகச் சொல்லும் ‘மெனிங்கால்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். வீட்டில் இருப்பது, மிஞ்சியிருப்பது, விட்டுப்போவது, மூன்றும் ஒரே வேர். பெரிய சிஸ்டர் வீட்டில் நடந்ததையெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லில் எழுதிவிடலாம். தமிழும் அப்படித்தான். நமக்கு ‘இரு’ போதும். உட்காரச் சொல்வதும் காத்திருக்கச் சொல்வதும் ‘இரு’. ‘அப்பா இருக்காரா’ என்று கேட்டால், வீட்டில் இருக்கிறாரா என்றா, உயிரோடு இருக்கிறாரா என்றா என்பது கேட்பவர் முகத்தில்தான் தெரியும். எங்கள் இரண்டு மொழிகளும் பிரிக்காமல் விட்டதை ஆங்கிலம் பிரித்துவைத்திருக்கிறது. அந்தப் பிளவுக்குள் சின்ன சிஸ்டர் விழுந்துவிட்டார்.

புதுக் கடிதத்தை நானே தட்டச்சு செய்து எடுத்துப் போனேன். மனைவியும் ஒரு தட்டில் உளுந்து வடையோடு கூட வந்தாள். சின்ன சிஸ்டர் கண்ணாடியை மாட்டி, மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். விரல் மூன்றாவது வரியில் நின்றது.

“என்னண்ணே இது? ‘லிவிங் வித்’?”

“ரூல்ல அப்படித்தான் சிஸ்டர் இருக்கு.”

“ரூல்ல இருக்கட்டும். நான் இதுல கையெழுத்துப் போடமாட்டேன்.”

“ஏன்?”

“ஏன்னா கேக்குறீங்க? லிவிங் டுகெதர்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நான் மெட்டர்னிட்டி வார்டுல இருந்தவ. அட்மிஷன்ல புருஷன் பேரு கேட்டா, தலைய குனிஞ்சிக்கிட்டு, ‘லிவிங் டுகெதர், சிஸ்டர்’னு சொல்லுவாளுங்க.”

என் மனைவிக்கு வடை புரையேறியது. சிரிப்பை அதில் மறைத்துக்கொண்டாள்.

“இது டுகெதர் இல்ல சிஸ்டர். வித்.”

“வித்துன்னா என்ன, டுகெதருன்னா என்ன. அந்த ஆஃபீஸ்ல அத்தனை ஆம்பளைங்களும் இத வாசிப்பாங்க. அக்கா போயி ரெண்டு மாசம் ஆகல. அவங்க பேரு அந்த வார்த்த பக்கத்துல வரணுமா?”

வேறு சொற்களை எடுத்துவைத்தேன். ‘ரிஸைட்’ என்றேன். அது போலீஸ் ரிப்போர்ட்டில் எழுதுவது என்றார். ‘டுவெல்’ என்றேன். “அது சர்ச்சுல வாசிக்கிறது. நான் பத்துமலைக்குப் போறவ.” ‘ஆக்யுபை’ என்றதற்கு, அது பிளேன் கக்கூஸ் கதவில் எழுதியிருக்கும் வார்த்தை என்று என் மனைவி சின்ன சிஸ்டரை முந்திக்கொண்டாள். ‘லாட்ஜ்’ மட்டும் நான் வாயைத் திறக்காமல் விழுங்கிவிட்டேன். வீட்டை எடுத்தவர் இறந்தால், லாட்ஜராக, அதாவது காசு கொடுத்துத் தங்குபவராக, இருப்பவர் வெளியேற வேண்டும் என்று விதி பதினொன்று சொல்கிறது. பெரியவர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை.

அப்போதுதான் என் மனைவி, தட்டைக் கீழே வைத்துவிட்டு, நான் உத்தியோக வாழ்க்கை முழுக்கத் தேடியும் கண்டுபிடிக்காத தரத்தில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தாள்.

“எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ‘ஐ ஆம் சிஸ்டர்’னு எழுதிடுங்களேன். பொய்யா என்ன? சிஸ்டர்தானே? அவங்க எப்படிப் புரிஞ்சிக்கிட்டா நமக்கென்ன?”

கூடப் பிறந்தவர்களுக்கு விதி எட்டின்படி வீடு தானாகவே வரும், ஒரு கேள்வியும் கிடையாது. பதவியைக் குறிக்கும் சிஸ்டரா, ரத்தத்தைக் குறிக்கும் சிஸ்டரா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த ஆஃபீஸில் பாதிப் பேர் அவர்களை அக்காள் தங்கை என்றே நினைத்திருந்தார்கள்.

சின்ன சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். “கூடப் பொறந்தவளா இருந்தா என்னைக்கோ சண்ட போட்டுப் பிரிஞ்சிருப்போம்” என்றார். “அத எழுதாதீங்க. எழுதினா நானே போன் பண்ணி இல்லன்னு சொல்லுவேன்.”

கடிதம் மடிக்கப்பட்டு என் சட்டைப் பையில் திரும்பியது. ஸ்டே என்று எழுதினால் வீடு போகும். லிவ் என்று எழுதக் கை வராது. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அதிக நாள் இல்லை.

கிள்ளானில் அவருடைய அண்ணன் மகன் இருந்தான். “அத்த, எங்களோட வந்து ஸ்டே பண்ணுங்க” என்று சாவு வீட்டிலேயே சொல்லியிருந்தான். கொஞ்ச நாள் போய் இருந்து பார்க்கிறேன் என்று சின்ன சிஸ்டர் இரண்டு பைகளைக் கட்டினார். என் மனைவி, “சிஸ்டர கிள்ளான்ல செண்ட் பண்ணிட்டு வாங்க” என்றாள். நாங்கள் ஆட்களையும் பார்சலையும் ஒரே சொல்லில் அனுப்புகிறவர்கள்; காரில் கொண்டுபோய் விடுவதற்கு வேறு சொல் கிடையாது.

ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். கார் நின்று நின்று நகர்ந்தது. சின்ன சிஸ்டர் கேட்டார்: “வார்த்தைய மாத்தலன்னா வீடு போயிடும், இல்லண்ணே?”

“போகலாம்.”

“போகட்டும். அக்கா பேரு போகக்கூடாது.”

ஷா ஆலம் தாண்டியதும் திடீரென்று நிமிர்ந்தார். “ஃபேன ஆஃப் பண்ணேனா?”

“பண்ணிட்டீங்க. நான் பார்த்தேன்.” பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொல்வதுதான் அப்போது சரியான நடைமுறை.

இரண்டு வாரம் கழித்து, அவருக்கு வந்திருந்த தபால்களை எடுத்துக்கொண்டு கிள்ளான் போனேன். இரட்டை மாடி இணைப்பு வீடு. பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த மகளின் அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். ஊதா நிறச் சுவர், சுவரில் எனக்குத் தெரியாத பாடகர்களின் படங்கள். புதுத் துண்டு, புதுச் செருப்பு, தலையணைக்குப் புது உறை. அண்ணன் மகனும் அவன் மனைவியும் நல்ல பிள்ளைகள். குறை என்று விரல் நீட்ட ஒன்றும் இல்லை. குறை இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சின்ன சிஸ்டர் ஹாலில் சோபாவின் முன்விளிம்பில், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி. எனக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்தார். மருமகள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். “அத்த, நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தரேன்.” அவர் உட்கார்ந்தார். ஃபிரிட்ஜ் எந்தப் பக்கம் திறக்கும் என்று அவருக்கு அதுவரை தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்ததை அவர் கவனித்தார். மேலே ஃபேனைப் பார்த்தார். சுவரில் இருந்த பொத்தானைப் பார்த்தார். கை எட்டும் தூரம்தான்.

“ஏம்மா,” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். “ஃபேன கொஞ்சம் கூட்டிக்கலாமா?”

“ஐயோ, என்னத்த இதெல்லாம் கேட்டுக்கிட்டு?” மருமகள் வந்து கூட்டிவிட்டு, “மூணு போதுமா, நாலு வைக்கட்டுமா?” என்றாள்.

“எதுனாலும் சரிம்மா” என்றார் சின்ன சிஸ்டர்.

முப்பது வருடம் நான்குக்காகப் போராடியவர். எனக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே போய்விட வேண்டும் போல இருந்தது. கமிட்டியில் டிக்‌ஷனரி கொண்டுவந்தவரை இந்த ஹாலில் அரை மணி நேரம் உட்காரவைத்திருந்தால் அவருக்கு அந்தப் புத்தகம் தேவைப்பட்டிருக்காது.

வாசல் கேட்வரை வழியனுப்ப வந்தார். கார்க் கதவைத் திறந்தபோது தோளைத் தொட்டதுபோல ஒரு குரல். “அண்ணே, அந்த லெட்டர் இருக்கா?”

“கார்லதான் இருக்கு.”

“ஒண்ணு பண்ணுங்க. அந்த வீட்ல லிவ் பண்ணேன்னு போடுங்க. வீட்டோட. ஆளோட வேணாம்.”

செய்திருக்கலாம். ஆனால் முப்பது வருடப் பழக்கம் வாயை மூடவிடவில்லை. “ரூல்ல ‘வித்’னு இருக்கு சிஸ்டர். யாரோடன்னு சொல்லணும். இல்லன்னா மறுபடியும் திருப்பி அனுப்புவாங்க.”

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர் வீட்டில் ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் சாக்கடைவரை வந்து சேர்வதைச் சின்ன சிஸ்டர் பார்த்தார்.

“சரி, இருக்கட்டும்” என்றார். “நடந்தது அதுதானே.”

கார் பானட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் பெயருக்குக் கீழே ‘சிஸ்டர்’ என்றும் எழுதினார். அது மறுபடியும் விதி எட்டுக்கும் விதி ஒன்பதுக்கும் நடுவில் ஒரு புது வழக்கைக் கிளப்பும் என்பதால், மேற்படிச் சொல் உத்தியோகத்தைக் குறிப்பது, உறவைக் குறிப்பதல்ல என்று நான் ஓர் அடிக்குறிப்பு சேர்க்க வேண்டியிருந்தது. என் வாழ்நாளில் எழுதிய அடிக்குறிப்புகளில் அவசியமானது என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

உள்ளே போனவர் இரண்டு பைகளோடு திரும்பினார். மருமகளின் முகம் வாடிவிட்டது. “ஏன் அத்த, ஏதாச்சும் குறையா?”

“ஒரு குறையும் இல்லம்மா. வீடு பூட்டியே கிடக்குது. அதான்.”

கடிதத்தை மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும் என்று விதி பதினான்கு சொல்கிறது. பெரியவர்கள் நம்மை எவ்வளவு நம்பினார்கள் பாருங்கள். ஒரு கூட்டம் கோரத்துக்கு வேண்டிய ஆட்கள் வராமல் கலைந்தது. அடுத்த கூட்டத்தின்போது தலைவர் காசி யாத்திரை போயிருந்தார். அதற்கடுத்த கூட்டத்தில் கார் நிறுத்தும் கோடுகளுக்கு என்ன வர்ணம் பூசுவது என்ற விவாதமே நேரத்தை எடுத்துக்கொண்டதாம். நான் முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல் என்று தலைப்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவதற்குச் செயலாளரிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது: வீடு விஷயமாகக் கமிட்டி ‘ரிவர்ட்’ செய்யும்.

எங்கள் பத்திரத்தில் ரிவர்ட் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: வீடு டிரஸ்ட்டுக்கே திரும்பிப்போகும் இடத்தில். உடனே போன் செய்தேன்.

“தம்பி, ரிவர்ட்னு போட்டிருக்கீங்களே, வீட்ட எடுத்துக்கப் போறீங்களா?”

“ஐயோ இல்ல அங்கிள்! ரிவர்ட்னா ரிப்ளை லா! எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க?”

“ஸ்டேன்னுகூட எல்லாரும் அப்படித்தான் தம்பி எழுதுறாங்க.”

“பாயிண்ட், அங்கிள்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கமிட்டி இன்னும் இரண்டாகத்தான் நிற்கிறது, காத்திருப்பவர்கள் வேறு நச்சரிக்கிறார்கள் என்றும் சொன்னார்.

நச்சரித்தவர்கள் ஒருநாள் நேரிலேயே வந்தார்கள். இளம் தம்பதி, காஜாங்கிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வந்துபோகிறவர்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வெளியே நின்று வீட்டை போனில் படம் எடுத்தார்கள். சின்ன சிஸ்டர் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கேட்டாள்: “ஆன்டி, இங்க நீங்கதான் ஸ்டே பண்றீங்களா?”

“ஆமாம்மா. இங்கதான் ஸ்டே பண்றேன்” என்றார், குழாயை மூடாமலே.

நான் என் வீட்டு வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதே பழைய சொல்தான், இத்தனை அமளிக்குப் பிறகும். ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில் ஹோட்டல் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எந்த டிக்‌ஷனரிக்காரனும் பக்கத்து வீட்டு வாசலில் நின்று சொற்களைக் கேட்பதில்லை. நான் எழுதிக் குவித்த சுற்றறிக்கைகளும் அப்படி நின்று எழுதப்பட்டவை அல்ல.

அவர்கள் போன பிறகு சின்ன சிஸ்டர் வேலியோரம் வந்தார். “அண்ணே, பதில் வராமயே இருந்தா என்ன அர்த்தம்?”

“விதிப்படி ஒண்ணும் அர்த்தம் இல்ல. பதில் வர்றவரைக்கும் நீங்க இருக்கலாம்.”

“அதுக்கப்புறம்?”

நான்காம் நினைவூட்டலைத் தட்டச்சு செய்ய நான் உள்ளே போனேன்.

கடைசியில் தபால்காரர் அவருடைய கேட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். டிரஸ்ட்டின் உறை. சின்ன சிஸ்டர் அங்கேயே நின்று பிரித்து, ஒருமுறை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு நீட்டினார். மூன்றே வரிகள். மறைந்த சிஸ்டருடன் அவர் வாழ்ந்துவந்தது கமிட்டியின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது, விதி ஒன்பதின்படி அவர் அங்கேயே தொடரலாம், தாமதத்துக்கு வருந்துகிறோம். ‘லிவிங் வித்’ என்ற சொற்களுக்கு மேற்கோள் குறிகூடப் போடவில்லை. நான் வாசித்து முடிப்பதற்குள் அவர் போனை எடுத்து கூரை ஓடு மாற்றுகிறவரிடம் பேசிக்கொண்டிருந்தார். பின்கட்டில் நாலைந்து இடத்தில் ஒழுகுகிறது, உடைந்ததை மட்டும் மாற்றினால் போதாது, அந்தப் பக்கம் முழுக்கப் பிரித்து மாற்ற வேண்டும், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். கடிதத்தின் தலையில் இருந்த தேதி மூன்று வாரம் பழையது; எழுதிய தேதிக்கும் கிடைத்த தேதிக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஆஃபீஸ் இன்னும் கற்கவில்லை. முத்திரை வாங்கிய என் நகலின் மூலையில், பதில் கிடைத்த தேதியை நானே குறித்துவைத்தேன்: தீபாவளிக்கு அடுத்த திங்கட்கிழமை.